லிவர் மேலும் தப்பில்லை, டிரைவர் மேலும் தப்பில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. மினி டிராக்டர் வைத்திருப்பவர்களும், வாங்கப் போகிறவர்களும், கூலிக்கு ஓட்டுகிறவர்களும் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் அப்படி ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

எங்கள் கோபி பக்கத்தில் வாழைக்கும் தென்னைக்கும் நடுவே பெரிய டிராக்டர் நுழையாது. 20, 25 குதிரைத்திறன் உள்ள சின்ன வண்டிதான் தோது. அதிலும் இப்போது நிறையப் பேர் ஃபோர் வீல் வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள். சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது பெரிய வசதி. அதை நான் குறை சொல்லவில்லை. காட்டு வேலை முடிந்த பிறகும் ஃபோர் வீல் லிவரை எடுக்காமல், தார் ரோட்டில் அப்படியே ஓட்டிக்கொண்டு வருகிறோமே, அந்தப் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. அதைவிடப் பெரிய சண்டை, வண்டி கெட்டதும் டிரைவரின் சம்பளத்தில் கை வைக்கிற பழக்கத்தோடு.

முதலில் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது சக்கரமும் வலது சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அச்சுக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் இந்த டிராக்டர்களில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் அப்படி எதுவும் கிடையாது. ஃபோர் வீல் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள். போதாததற்கு, முன்சக்கரம் வண்டியை முன்னே இழுக்க வேண்டும் என்பதற்காக, அது பின்சக்கரத்தைவிடச் சற்று அதிக தூரம் ஓடும்படிதான் கியரை அமைத்திருப்பார்கள். அந்த வித்தியாசம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன்சக்கரம் 103 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் அந்த 3 மீட்டர் வழுக்கலில் போய்விடும். தார் ரோடு வழுக்க விடாது. 5 கிலோமீட்டர் போனால் 150 மீட்டர் கணக்கில் வருகிறது. அவ்வளவு தூரமும் டயர் ரோட்டில் உரசித் தேய வேண்டும். உரசி முடியாத பாக்கி, ஷாஃப்டிலும் பற்சக்கரத்திலும் முறுக்காக ஏறி நிற்கும்.

வண்டி திரும்பும்போது இன்னும் மோசம். பித்தாகரஸ் தேற்றம் நினைவிருக்கிறதா? முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர், பின்னச்சின் நடுப்பகுதி 3 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், முன்னச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 3.35 மீட்டர் ஆரத்தில் திரும்பியாக வேண்டும். கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதல் தூரம். கியர் அவ்வளவு கொடுக்காது. அதனால்தான் தார் ரோட்டில் ஃபோர் வீலோடு திரும்பும்போது வண்டி முரண்டு பிடித்து, விட்டு விட்டுத் துள்ளுகிறது.

இந்த முறுக்கு ஏறி நிற்கும் நேரத்தில் லிவரை இழுத்தால் வராது. உள்ளே ஒன்றோடொன்று கோத்திருக்கும் பற்கள் இறுக நெருக்கிக்கொண்டு நிற்கும். இறுக்கிக் கட்டிய கயிற்றில் முடிச்சை அவிழ்க்க முடியுமா? கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தானே அவிழ்ப்போம்? ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சுத்தியலை எடுக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இதுதான். டிரைவர் என் பழைய மாணவன். வாழைக் காட்டில் வேலை முடித்து, ஃபோர் வீலிலேயே ரோட்டில் வந்திருக்கிறான். வீட்டு வாசலில் லிவர் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "பைப்பை மாட்டி இழு" என்று யோசனை சொல்ல, இவனும் இழுக்க, உள்ளே இருந்த ஃபோர்க் வளைந்துவிட்டது. பல ஆயிரம் செலவு. அதை மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நான் போய்க் கேட்டேன். "வாத்தியாரே, இதெல்லாம் டிரைவருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமுங்களா?" என்றார் முதலாளி. "உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றேன். பதில் இல்லை.

அந்த வண்டியை எடுத்த அன்று நானும் போயிருந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், சாவி கொடுக்கிற மாதிரி போட்டோ பிடித்தார்கள், இனிப்பும் கொடுத்தார்கள். அந்த லிவரை எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று 5 நிமிடம் சொல்ல ஆள் இல்லை. கூடக் கொடுத்த கையேடு ஆங்கிலத்தில். அதுவும் முதலாளி வீட்டு பீரோவில். பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்து, ஃபெயில் என்று அபராதமும் போட்டால் அது என்ன நியாயம்?

"டிராக்டர் இரும்பு, எல்லாம் தாங்கும்" என்பார்கள். இரும்பு தாங்கும், கணக்கு தாங்காது. "ஃபோர் வீலில் இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே" என்பார்கள். இதில் உண்மை உண்டு. பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். ஃபோர் வீலில் இருக்கும்போது ஷாஃப்ட் வழியாக முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஆகவே பாரத்தோடு சரிவில் இறங்கும்போது ஃபோர் வீலை எடுக்காதீர்கள். பர்கூர் மலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆனால் சமதளத் தார் ரோட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்து, மெதுவாக ஓட்டினால் போதும்.

லிவர் வரவில்லை என்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. காட்டை விட்டு ரோட்டில் ஏறுவதற்கு முன்பே, மண் தரையில் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்து லிவரை எடுங்கள். அங்கே பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும்.

2. ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஓரத்து மண்ணில் இறக்குங்கள். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். பின்னால் குழந்தைகள், ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, ரிவர்ஸில் மெதுவாகச் சில அடி வாருங்கள். முன்னே போகும்போது ஏறிய முறுக்கு, பின்னே வரும்போது அவிழும். நிறுத்தி, கிளட்ச் மிதித்து, மறுபடி லிவரை எடுங்கள்.

3. அப்படியும் வரவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பைப்பும் சுத்தியலும் வேண்டவே வேண்டாம்.

4. முன்டயரையோ பின்டயரையோ வேறு அளவில் மாற்றாதீர்கள். நான் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். காற்றும் கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கட்டும்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு வண்டி கொடுக்கிறீர்கள். லிவருக்குப் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்? "மண்ணில் போடு, ரோட்டில் எடு, சரிவில் விடு." வேளாண்மைப் பொறியியல் துறை நண்பர்களும் பயிற்சிக்கு முதலாளியை மட்டும் அழைக்காமல், ஸ்டீயரிங் பிடிக்கிறவனையும் அழையுங்கள்.

முதலாளிமார்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சொல்லிக் கொடுக்காத பாடத்துக்கு ஒருவன் கூலியைப் பிடிக்காதீர்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நாளைக் காலை 10 நிமிடம் ஒதுக்கி, இந்தப் பதிவை உங்கள் டிரைவரோடு உட்கார்ந்து படித்துவிட்டு, இருவரும் ஒருமுறை லிவரைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.