கைதட்டினால் மட்டும் போதுமா?

கிரிக்கெட்டில் திறமை காட்டும் மாணவியைப் பாராட்ட நாம் தயங்குவதில்லை. ஆனால், அவள் அதையே தொழிலாக ஏற்க விரும்பினால், “எதிர்காலம் என்ன ஆகும்?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானதே.

சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, 2013ஆம் ஆண்டில், மகளிர் உலகக் கிண்ணப் போட்டியில் சதமடித்த முதல் இந்திய வீராங்கனை ஆனார். அவர் ஆடிய காலத்தில் கிரிக்கெட்டை மட்டும் நம்பி வாழ்வது கடினம். வீராங்கனைகள் பலருக்கு இந்திய ரயில்வே தந்த வேலையே கைகொடுத்தது.

2023இல் மகளிர் பிரிமியர் லீக் தொடங்கிய பின் நிலைமை மாறத் தொடங்கியது. 2024 டிசம்பரில் நடந்த ஏலத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது கமலினியை மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. எனினும், அப்போது அந்த லீக்கில் இருந்தவை 5 அணிகளே. மாநில அணிக்கு மட்டும் ஆடும் வீராங்கனைக்கு, பெரும்பாலும் ஆட்டங்களின் அடிப்படையிலேயே ஊதியம். காயம்பட்டு ஓய்வெடுத்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

இந்நிலை மாற வழி என்ன? பார்வையாளர்கள் பெருகினால் விளம்பரதாரர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால் ஊதியம் உயரும். ஆகவே, ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

லிட்டில் இந்தியாவில் தேநீர் அருந்தியபடி ஆண்கள் கிரிக்கெட்டை அலசுவோர் பலர். சிங்கப்பூருக்கும் மகளிர் தேசிய அணி உண்டு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அணி இங்கு ஆடும்போது நாமும் திடலுக்குச் செல்வோம். ஒரு மாணவியின் கனவு தொழிலாக மாற, நம் பாராட்டோடு நம் நேரமும் தேவை.