தொலைவிலிருந்து திறக்கும் சாளரம்

தொலைவிலுள்ள சேவையகக் கணினிக்குப் பெரும்பாலும் திரையும் இல்லை; விசைப்பலகையும் இல்லை. அதன் மேசைத்தளத்தை வீட்டிலிருந்தவாறே கண்டு இயக்குதல் எங்ஙனம் என மாணவர் சிலர் வினவுகின்றனர்.

இதற்கான முறைகளுள் ஒன்று வி.என்.சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெற்றி ஆய்வுகூடத்தார் ஆக்கி, 1998இல் உலகறிய விவரித்தது இது. சேவையகம் தன் திரைக்காட்சியை நமக்கு அனுப்பும்; நமது சுட்டியின் அசைவும் விசைகளின் அழுத்தமும் அங்கே செல்லும்.

லினக்ஸ் சேவையகத்தில் எக்ஸ்.எப்.சி.ஈ. போன்ற எளிய மேசைத்தளத்தையும் வி.என்.சி. நிரலையும் நிறுவியதோடு வேலை முடிந்ததென எண்ணற்க. பழைய வி.என்.சி. முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கிற் கொள்ளப்படும். பின்னர்ச் செல்லும் காட்சியும் விசைகளும் மறைக்கப்படுவதுமில்லை. ஆதலின் 5901 என்னும் அதன் வாயிலை இணையம் முழுமைக்கும் திறந்துவிடுதல், கதவை அகலத் திறந்துவைத்து உறங்குதலை ஒக்கும். உள்ளே இருப்பது பல மாதத்து உழைப்பன்றோ?

ஆகவே, அக்கணினியின் உள்ளிருந்து வரும் அழைப்புக்கு மாத்திரம் விடையளிக்குமாறு நிரலை அமைத்திடுக. பின்னர், 1995இல் பின்லாந்தில் தோன்றிய எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி வழியைச் சுரங்கமாகக் கொண்டு, நம் கணினியின் 5901ஆம் வாயிலைச் சேவையகத்தின் 5901ஆம் வாயிலோடு இணைத்திடுக. பார்வை நிரலுக்கு நம் கணினியின் முகவரியையே கொடுத்தல் வேண்டும். காட்சி சுரங்கத்தினூடே வந்து சேரும். இடைவழியில் ஒளிந்திருப்போனுக்கு யாதும் விளங்காது.

இதற்கு வேண்டுவது கூடுதலாக ஒரு கட்டளை வரியே. அச்சிறு சிரமத்துக்குச் சோம்பியவர், பின்னர்ப் பெருஞ்சிரமத்துக்கு ஆளாவர். வேலை முடிந்ததும் சுரங்கத்தை அடைக்கவும் மறவாதீர்.