கெஞ்சினால் குறையும் நட்டம்

கிளியூரில் மழை வலுத்தால் அருவி நிறையும். செல்பேசியில் பேச்சு அறுபடும். ஏற்காட்டு ஏரி வழிந்து வந்து விழும் அந்த அருவியின் பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது புதிதன்று. மேட்டில் நின்றால் சிக்னல் முழுதாய்க் காட்டும். பத்தடி இறங்கினால் ஒன்றுமிராது. இணைப்பு விற்க வந்தவரும் இதனை அறியாதவரல்லர். ஆயினும், "வீட்டுக்குள்ளேயே நன்றாகக் கிடைக்கும்" என்றே அவர் உறுதி கூறினார். அதனை நம்பி, மாதக் கட்டண இணைப்பும் அதனோடு ஓர் இணையக் கருவியுமாக, ஓராண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோம்.

நான்கு திங்கள் பொறுத்தோம். பின்னர், "இணைப்பு வேண்டாம், கருவியை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர் சேவை மையத்துக்குச் சொன்னோம். ஒப்பந்தக் காலம் முடியவில்லையாதலால் ரத்துக் கட்டணம் 2,400 ரூபாய் என்றார்கள். "தம்பி, கிடைக்காத சேவைக்கு எதற்குக் கட்டணம்?" என்றோம். "சார், உங்களுக்காகப் பாதியாகக் குறைக்கிறேன்" என்றார் அந்த இளைஞர். மறுத்தோம். மேலதிகாரி வந்தார்; தொகை 600 ஆயிற்று. இன்னும் ஆறு திங்கள் இணைப்பை வைத்துக் கொண்டால் அதுவும் வேண்டாம் என்றார்.

வாசக அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். ரத்துக் கட்டணம் என்பது யாது? வாடிக்கையாளர் இடையில் விலகுவதால் தமக்கு நேரும் நட்டத்துக்கு ஈடு என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். நட்டம் என்பது கணக்கில் உள்ள ஒன்று. அது குரலை உயர்த்தினால் பாதியாகுமா? மேலதிகாரியைக் கேட்டால் கால்வாசியாகுமா? கெஞ்சினால் குறைகின்ற தொகை நட்டமாக இருக்க முடியாது. அது தண்டம், விலகிப் போகிறவரை விடாமல் பிடித்து வைப்பதற்கான கயிறு.

"கருவியை விலை குறைத்துக் கொடுத்திருக்கிறோம், அந்தப் பணத்தை எப்படி மீட்பது?" என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருவியின் விலை என்ன, நாம் செலுத்திய மாதக் கட்டணத்தில் அதில் எவ்வளவு அடைந்தது, மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். கடன் இருந்தால் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாம். ஆனால் கருவியையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதன் பெயரால் பணமும் கேட்பது எந்த ஊர்க் கணக்கு? மேலும், ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் யார்? சேவை தருவோம் என்று சொல்லித் தராதவரா, தராததால் விலகியவரா?

நாம் கூறுவது புதுமையான வாதமன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே தன் 74ஆம் பிரிவில் இதற்கு வரம்பு கட்டியது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதனாலேயே அது முழுவதும் உரியதாகிவிடாது; அத்தொகை உச்ச வரம்பு மட்டுமே, அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்பது அதன் கருத்து. 2015ஆம் ஆண்டில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில், டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்த முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், இழப்பு நேராதபோது இழப்பீடு கோர இயலாது என்பதை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மீது சுமத்தும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே பெயரிட்டு அழைக்கிறது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் வெரைசான் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் உயர்வகைச் செல்பேசிகளுக்கான ரத்துக் கட்டணத்தை 175 டாலரிலிருந்து 350 டாலராக இரட்டிப்பாக்கிற்று. மாதந்தோறும் 10 டாலர் குறையும் என்றது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் 23 திங்கள் ஒழுங்காகக் கட்டியவர், கடைசித் திங்களில் விலகினாலும் 120 டாலர் தர வேண்டும்! அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமே விளக்கம் கேட்க நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று ஸ்பிரின்ட் நிறுவனத்தின் ரத்துக் கட்டணத்தைச் சட்டத்துக்கு ஒவ்வாத தண்டம் எனத் தீர்மானித்து, வசூலித்ததில் 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கும் மேல் திருப்பித் தர ஆணையிட்டது.

நம் முன்னோர் கடல் வணிகம் செய்த காலத்தில் கைக்கொண்ட இஸ்லாமிய வணிக நெறியிலும் 'கியாருல் ஐப்' என்றொரு உரிமை உண்டு. குறை மறைத்து விற்கப்பட்ட பொருளை, குறை கண்டதும் திருப்பிக் கொடுத்து விலையைப் பெற்றுக்கொள்ளலாம். திருப்பிக் கொடுப்பவர் தண்டம் கட்ட வேண்டும் என்று எந்த நெறியும் சொல்லவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, தண்டம் ஏன் நீடிக்கிறது? சட்டத்தின் வாயில் எட்டாத தொலைவில் இருப்பதனாலேயே. தொலைபேசித் தகராறுகள் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி நடுவரிடமே செல்ல வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வரலாகாது என்று 2009ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பு வந்தது. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அக்கதவைத் திறந்தது. ஆயினும் பாதிக் கதவே திறந்திருக்கிறது. சேவைக் குறைபாட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம்; ஆனால் நியாயமற்ற நிபந்தனையைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு மட்டுமே உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்கு, 2,400 ரூபாய்க்காக எவர் போவார்? மின்வழியே மனுச் செய்யலாமே என்பர். சிக்னல் இல்லை என்பதற்கான மனுவைச் சிக்னல் வழியே அனுப்பச் சொல்லும் அறிவுரை அது!

நம் கதையின் முடிவையும் கூறிவிடுகிறோம். நட்டத்தின் கணக்கை எழுத்தில் தருமாறு கேட்டோம். புகார் எண் பெற்றோம். அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதினோம். "நல்லெண்ணத்தின் பேரில் முழுத் தொகையும் தள்ளுபடி" என்று பதில் வந்தது. கணக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை.

மகிழ்ந்திருக்க வேண்டும், மகிழ இயலவில்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அண்டை வீட்டுப் பெண்மணி, மகளின் படிப்புக்காக அதே இணைப்பை, அதே விற்பனையாளரிடம் பெற்றவர். சிக்னல் கிடைக்காமல் அவரும் விலகினார். 2,400 ரூபாயையும் இரு தவணையில் கட்டி முடித்திருந்தார். "கேட்டார்கள், கொடுத்துவிட்டோம், பேசினால் குறையும் என்று நமக்கு யார் சொன்னார்?" என்றார். நமக்குத் தள்ளுபடியான தொகை அவரிடம் மட்டும் எப்படி நட்டமாயிற்று? வாதாடத் தெரிந்தவனுக்குச் சலுகை, வாய் திறவாதவர்க்குத் தண்டம். இதுதான் இக்கட்டணத்தின் உண்மையான விலைப்பட்டியல்.

ஆகவே அன்பர்களே, சேவை மையத்தில் சலுகை கேளாதீர்; கணக்கைக் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். மறுத்தால் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். தெரியாத அண்டை வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள். அரசை நாம் கேட்பன இரண்டே: நட்டத்தை எழுத்தில் மெய்ப்பிக்காமல் எந்த நிறுவனமும் ரத்துக் கட்டணம் வாங்கலாகாது, நியாயமற்ற நிபந்தனையை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கும் வேண்டும். அதுவரை, அந்தப் பெண்மணியின் 2,400 ரூபாய் தீராத கணக்காகவே நிற்கும். அவருக்கான மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறோம்.