கம்ப்யூட்டர் போடும் பிளான்: பொறுப்பு யாருக்கு?

டிரேசிங் பேப்பரை விரித்து, டி-ஸ்கொயர் வைத்துப் பல நாட்கள் வரைந்த பிளானை இன்று கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் முடித்துத் தந்துவிடுகிறது. 1963-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்பவர் ‘ஸ்கெட்ச்பேட்’ முறையை உருவாக்கியபோது, திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடுவதே அதிசயமாக இருந்தது. 1982-ல் ‘ஆட்டோகாட்’ வந்தபின் சிறிய அலுவலகங்களுக்கும் அந்த வசதி எட்டியது.

இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. டில்லிவாழ் தமிழர்கள் பலரும் பார்த்திருக்கும் தாமரைக் கோயில் 1986-ல் திறக்கப்பட்டது. அதன் 27 இதழ்களின் வளைவுகளைக் கணக்கிடக் கம்ப்யூட்டர் கைகொடுத்தது. ஆனால் அந்த வளைவுக்கேற்ப சென்டரிங் அடித்ததும், காங்கிரீட் போட்டதும் மனிதக் கைகளே.

கம்ப்யூட்டர் சொன்னால் தவறாது என்று நம்புவோர் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு விளையாட்டு அரங்கின் கூரை, 1978 ஜனவரி 18 விடியற்காலையில் பனியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் சுமார் 5,000 பேர் அங்கே கூடைப்பந்துப் போட்டி பார்த்துச் சென்றிருந்தனர். உள்ளே ஆளில்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

அக்கூரை கம்ப்யூட்டர் உதவியுடன் வடிவமைக்கப்பட்டது. கூரையின் எடையைக் குறைத்து மதிப்பிட்டதும், இரும்புச் சட்டங்களுக்கு உண்மையில் இல்லாத பிடிமானம் இருப்பதாகக் கொண்டதும் விசாரணையில் தெரிந்தது. எந்திரம் கணக்கைச் சரியாகவே போட்டது. அதனிடம் கொடுத்த விவரம்தான் தவறு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கட்டும்போதே கூரை, கணக்கில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு தொய்ந்தது. அது எடுத்துச் சொல்லப்பட்டும், பொறியாளர்கள் கணக்கையே நம்பினார்கள்.

வேலை பறிபோகுமோ என்று வரைவாளர்கள் அஞ்சுவது இயற்கையே. வெறும் டிரேசிங் வேலை போய்விட்டது உண்மை. ஆயினும் கட்டட அறிவோடு கம்ப்யூட்டரும் கற்றவருக்கு இடம் இருக்கிறது. ஐ.டி.ஐ.களின் இரண்டாண்டு சிவில் வரைவாளர் படிப்பிலேயே இப்போது அதுவும் கற்பிக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தளத்தில் நிற்கும் மேஸ்திரிக்கும் கடமை உண்டு. பிளானில் உள்ளதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாவிட்டால் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்பவன் படிக்காதவன் என்று தள்ளாமல் பொறியாளர்கள் காது கொடுக்க வேண்டும். கூரை விழுந்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. அடியில் நிற்பவர்கள் மனிதர்கள்.