வலது தடம் வேகத்திற்கு அல்ல, முந்துவதற்கு

வேகமாகப் போகிறவருக்கு வலது தடம், மெதுவாகப் போகிறவருக்கு இடது தடம். மலேசிய நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு இது. சாலை விதியின் கணக்கு வேறு. வழக்கமான பயணத்திற்கு இடது தடம். முந்துவதற்கு மட்டுமே வலது தடம். முந்திய பின் மீண்டும் இடப்புறம் திரும்பிவிட வேண்டும். மூன்று தடங்கள் உள்ள இடத்தில் மெதுவாகச் செல்லும் லோரிகளைக் கடக்க நடுத்தடம் உதவும்.

"வேக வரம்பான 110 கிலோமீட்டரில்தானே போகிறேன், பின்னால் வருபவருக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?" என்று வாதிடுவோர் உண்டு. வரம்பை மீறுபவர் குற்றவாளிதான். ஆனால், அவரைத் தடுப்பது போலீசாரின் வேலை. முன்னால் போகும் காரின் வேலையல்ல. அதே வேளையில், பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கை மின்னி மிரட்டுவதையும் நியாயப்படுத்த முடியாது.

வலது தடம் அடைபட்டால் பொறுமையிழந்தவர்கள் இடப்புறமாக முந்துகிறார்கள். அந்த இடப்புறத்தில்தான் மோட்டார்சைக்கிள்கள் செல்கின்றன; டோல் சாவடியிலிருந்து வந்து சேரும் வாகனங்களும் அங்கேதான் நுழைகின்றன. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களுடையவை. அதிகாலை ஷிப்டுக்குப் புறப்படும் தொழிற்சாலை ஊழியருக்கும், தோட்டத்திலிருந்து பட்டணத்து வேலைக்குச் செல்லும் இளைஞருக்கும் அதுவே வாகனம். வலப்புறம் ஒருவர் காட்டும் பிடிவாதத்திற்கு இடப்புறம் செல்பவர் விலை கொடுக்க நேரிடலாம்.

பெருநாள் கால நடவடிக்கைகளில் இடப்புறம் முந்துவதும் அவசரத் தடத்தில் ஓட்டுவதும் கடுமையாகக் கண்காணிக்கப்படுகின்றன. அந்த அவசரத்தைத் தூண்டிவிடும் வலது தட ஆக்கிரமிப்பைப் பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. கார் வலது தடத்தில் இருப்பதை ஒரு படம் காட்டும். முந்திய பிறகும் அது விலகவில்லை என்பதைக் காட்டாது. எனவே, அமலாக்கத்தைவிட ஓட்டுநரின் பழக்கமே இதில் முக்கியமாகிறது.

நெரிசல் நேரக் கூட்டரசு நெடுஞ்சாலையில் எல்லாத் தடங்களும் நிறைந்திருக்கும். அங்கே, வெளியேறும் வழிக்குரிய தடத்திற்கு முன்கூட்டியே மாறிவிடுவதே சரி. கடைசி நொடியில் குறுக்கே வெட்டுவது ஆபத்து.

மற்ற நேரங்களில் செய்ய வேண்டியது எளிது. முந்திய வாகனம் உட்புறக் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்ததும் சிக்னல் போட்டு, பக்கவாட்டில் மோட்டார்சைக்கிள் வரவில்லை என்பதை உறுதிசெய்து, இடப்புறம் திரும்பினால் போதும்.