மீன் பிடிக்கவும் கல்யாணம் ஆகியிருக்கணுமா?

ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். சுற்றிலும் காடு, ராத்திரியானால் நல்ல கும்மிருட்டு. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே அமைந்ததே அந்த இருட்டுக்காகத்தான். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்த 1977 மார்ச் 10 இரவில், அதன் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அப்படிப்பட்ட ஒரு தூரத்துக் கோளில் ஒருநாள் மனிதர்கள் குடியேறினால்? அங்கேயாவது, ‘எப்போ கல்யாணம்?’ என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இல்லாமல் இருப்பார்களா?

இருப்பார்கள் என்கிறார் ஜப்பானிய எழுத்தாளர் ஒகாவா இஸ்ஸுய். 2020-ல் வெளியான அவரது ‘ட்வின்ஸ்டார் சைக்ளோன் ரன்அவே’ நாவலில், நிற்கத் தரையே இல்லாத ஒரு வாயுக் கோளைச் சுற்றி மனிதர்கள் வாழ்கிறார்கள். மேகங்களுக்குள் திரியும் விசித்திர மீன்களைப் பிடிப்பதுதான் பிழைப்பு. படகை ஓட்டுவது கணவன். நினைத்த மாத்திரத்தில் உருமாறும் அந்தப் படகையும் வலையையும் மனதாலேயே வடிவமைப்பது மனைவி. கணவன் மனைவியாக இருந்தால்தான் தொழிலுக்கே போக முடியும்.

நாயகி டெர்ராவுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். அவள் பின்னும் வலை யாருக்கும் சரிப்படுவதில்லை. வரன் மேல் வரனாகத் தட்டிப்போகிறது. (பெண் பார்க்க வந்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்ற கதைதான், விண்வெளியில்!) அப்போது வீட்டைவிட்டு ஓடிவந்த டயோட் என்ற பெண், ‘படகை நான் ஓட்டுகிறேன்’ என்று வந்து நிற்கிறாள். இரண்டு பெண்கள், ஒரு படகு. ஊர் சும்மா இருக்குமா?

பெண்களுக்கு இடையிலான நேசத்தைச் சொல்லும் இந்த வகைக் கதைகளுக்கு ஜப்பானில் ‘யூரி’ என்று பெயர். லில்லி மலர் என்று அர்த்தம். சில வருடங்களாக இது அறிவியல் புனைகதைக்குள்ளும் புகுந்து கலக்குகிறது. அங்கே பல வருடப் பாரம்பரியமுள்ள ‘எஸ்.எஃப். மேகஸின்’ 2018 இறுதியில் யூரி சிறப்பிதழை அறிவித்தபோது, முன்பதிவிலேயே தீர்ந்து, கடைக்கு வரும் முன்பே மறுஅச்சுக்குப் போனது.

மியாசாவா இயோரியின் ‘அதர்சைட் பிக்னிக்’ இன்னொரு ரகம். இணையத்தில் உலவும் பேய்க்கதைகள் நிஜமாக நடமாடும் ஒரு மறுபக்க உலகம். அதற்குள் போய் வரும் இரண்டு கல்லூரி மாணவிகள். தங்களுக்குள் இருப்பது நட்பா, காதலா என்று அவர்களுக்கே சட்டென்று பிடிபடவில்லை. அதனால் ‘குற்றத்துக்கு உடந்தை’ என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். உறவுக்குச் சரியான வார்த்தை கிடைக்காதபோது மனிதர்கள் என்னவெல்லாம் செய்யவேண்டியிருக்கிறது!

அறிவியல் புனைகதையின் சாமர்த்தியம் இதுதான். வீட்டில் ‘இது நம்ம வழக்கம்’ என்று சொல்லப்படுவது, வேறொரு கோளுக்குப் போனதும் வெறும் சட்டமாகத் தெரியும். நம் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறவே அரசாங்கம் அனுமதி தரவேண்டும் என்று வைத்தாரே, அதுபோல.

கதை இருக்கட்டும். ஜவ்வாது மலைத்தொடர் நீளும் வேலூர் மாவட்டத்தின் காவல்துறை பதில் சொல்லவேண்டிவந்த ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. தன் இணையரான பெண்ணை அவரது குடும்பத்தினர் அடைத்துவைத்திருப்பதாகச் சொல்லி, ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 25 வயதுப் பெண், தான் அடிக்கப்பட்டதையும், ‘சரியாக்க’ சடங்குகள் செய்யப்பட்டதையும் சொன்னார். இணையருடன்தான் போவேன் என்றார்.

2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரை அனுப்பிவைத்தது. ஒரே பாலினத் திருமணத்தை இந்தியச் சட்டம் ஏற்கவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லிவிட்டது. ஆனால், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்றது இந்த அமர்வு. ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்ற சொல்லையும் தீர்ப்பில் எழுதியது. உதவி கேட்டபோது கண்டுகொள்ளாத போலீஸாரைக் கண்டித்தது. அந்தப் பெண்ணைக் குடும்பத்தினர் தடுக்கக் கூடாது, தேவைப்படும்போது இருவருக்கும் போலீஸ் பாதுகாப்பு தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

டெர்ராவும் டயோடும் அப்படி ஒரு உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. படகைக் கிளப்பிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.