எண்ணெய்ப் புட்டியும் சர்க்கார் சட்டமும்

தோட்டத்து வீட்டில் மருந்தென்றால் பாதி எண்ணெய்தான். பிள்ளையின் வயிற்றுக்கு விளக்கெண்ணெய், சளிக்கு யூக்கலிப்டஸ் தைலம், பால் வாளி தூக்கிய தோளுக்கு ஒரு வலித் தைலம், பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய். லிங்கித் தோட்டங்களிலும் இதுவே வழக்கம். டாக்டரைக் கேட்டா வாங்குகிறோம்? கடைக்காரர் ஊற்றித் தருவதை நம்பி வாங்குகிறோம்.

இந்த நம்பிக்கைக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் கொடுத்த விலையை நம்மவர் அறிய வேண்டும். 1977, 1978-ஆம் ஆண்டுகளில் அங்கே இருபதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள் கைகால் விளங்காமல் விழுந்தார்கள். டாக்டர்கள் சேனநாயக்காவும் ஜெயரத்தினமும் ஆராய்ந்து, 1981-இல் லான்செட் மருத்துவ ஏட்டில் காரணத்தை வெளியிட்டார்கள். பூப்பெய்திய சமயத்தில் உடம்பு தேற வேண்டுமென்று பெற்றவளே ஊட்டிய நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. இயந்திர எண்ணெயில் சேர்க்கும் ரசாயனம் அது. கனிம எண்ணெய் இருந்த பீப்பாய்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அந்த நஞ்சு குடித்த அன்றே வேலை காட்டாது; ஒன்றிரண்டு வாரம் கழித்தே நரம்பைப் பிடிக்கும். எண்ணெய்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கைகாலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இடி எது?

இத்தகைய கலப்படத்தை மூக்கும் நாக்கும் சொல்லாது, சோதனைக்கூடம்தான் சொல்லும். இதை உணர்ந்தே இங்கிலாந்தில் 1875-இல் செய்த சட்டம், கடையில் வாங்கிய மாதிரியை மூன்று பங்காக்கி, ஒன்றை விற்றவரிடமும் ஒன்றைச் சோதனையாளரிடமும் கொடுத்து, மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொன்னது. மலாயாவில் 1952-இல் உணவு, மருந்து இரண்டுக்கும் சேர்த்தே ஒரு விற்பனைச் சட்டம் வந்தது. 1956-இல் வந்த சட்டம், நீரிழிவு, பாரிசவாதம், ஆஸ்துமா முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்தது. இன்று கைப்பேசியில் ஓடிவரும் தைல விளம்பரங்களைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பதாகவே தோன்றவில்லை!

சட்டம் இருந்தும் தண்டனை இலேசாயிருந்தால் வியாபாரி சிரிப்பான். அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்பவர் பாம்பெண்ணெய் என்று விற்றது பெரும்பாலும் கனிம எண்ணெயே என்று சர்க்கார் சோதனையில் தெரிந்தது. அவர் கட்டிய அபராதம் 20 டாலர். நம் நாட்டிலோ பதிவில்லாத மருந்தை விற்கும் தனியாளுக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. குறை அதுவல்ல.

1983-இல் உணவுக்குத் தனிச் சட்டம் வந்து, 1952-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்கு மட்டும் ஆயிற்று. நமது நல்லெண்ணெயோ அடுப்படியில் உணவு, பிரசவ அறையில் மருந்து. புட்டித் தைலத்தில் மால் எழுத்துக்களோடு பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்; சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயில் எதைப் பார்ப்பது? ஆகவே சுகாதார இலாகா பட்டணத்துக் கடைகளோடு நின்றுவிடாமல், தோட்டத்தையொட்டிய கடைகளிலும் பீப்பாயைத் திறந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று கோருகிறோம்.

எண்ணெய் குடித்தோ தைலம் பூசியோ ஒருவருக்கு உபாதை கண்டால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். புட்டியோடும் ரசீதோடும் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். மனு எழுதித் தருவது கிராணிமார் பொறுப்பு.